ஒரு மூச்சில் கோவில்பட்டி

மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் காலை நீட்டிய பிறகும் ஆவுடையப்பனுக்குக் கண் அசரவில்லை. கனடாவில் இன்னும் விடியவில்லை, அதுதான் காரணம். பாளையங்கோட்டையில் ஒரு மனுஷன் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்கும் கனடா விடிவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், கேட்கிறவருக்கு அங்கே பிள்ளை இல்லை என்று அர்த்தம். மடியில் கிடந்த செல்போனை எடுத்துப் பார்த்தார். அதே கறுப்பு. எட்டாத உயரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு செயற்கைக்கோள் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பகலானால் மலை தெரியும், ஏரி தெரியும், மேகம் தெரியும், மேகத்துக்கு நடுவே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இழுபடுகிற காட்டுத்தீப் புகையும் தெரியும். சூரியன் போய்விட்டால் புகை போச்சு. தீயை மட்டும் சூட்டை வைத்து ராத்திரியிலும் கண்டுபிடித்துவிடுகிறான்கள், சிவப்புப் புள்ளியாகப் போட்டுக் காட்டுகிறான்கள், ஆனால் அவருக்குத் தீ யாருக்கு வேண்டும்? தீ மலையில் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும். தீக்கும் செண்பகத்துக்கும் நடுவில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. ஏரியைத் தாண்டி வருகிறது புகைதான், அந்தப் புகையைத்தான் இந்தச் சவத்துச் செயற்கைக்கோள் ராத்திரியில் பார்க்க மாட்டேன் என்கிறது. செண்பகவல்லி அவருடைய ஒரே மகள். ஆல்டர்புரூக் என்று ஏரிக்கரையில் ஒரு ஊர், அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள், தனியாக ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள், கல்யாணப் பேச்சை எடுத்தால் உடனே நெட்வொர்க் போய்விடுகிறது. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. அங்கே போன பிறகு குறைந்துவிட்டது என்கிறாள், பனிதான் நல்ல மருந்து என்கிறாள், ஆனால் ஒரு அடுப்புப் புகைக்கே மூச்சு வாங்கின பிள்ளை, ஒரு காடு எரிகிற புகைக்கு என்ன செய்யும்? அதனால்தான் ஒரு வாரமாக அவர் புகையைக் காவல் காக்கிறார். இன்று காலை காபியைக் கையில் எடுத்த நேரம், அங்கே அப்போது நேற்றைய சாயங்காலம், அவள் குரலிலேயே ஒரு செய்தி வந்தது. ஜின்சி என்று கூட வேலை பார்த்த மலையாளப் பெண், இப்போது மேற்கே கடற்கரைப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டவள், நாலு நாள் இங்கே வந்து இரு, நாலைந்து மணி நேரம் காரோட்டினால் வந்துவிடலாம் என்று கூப்பிடுகிறாளாம். போகவா, இருக்கவாப்பா, நீங்கதானே புகை பாக்குறீங்க, என்று கேட்டிருந்தாள். நீங்கதானே புகை பாக்குறீங்க. அந்த இடத்தை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார், காபி ஆறியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னறிவிப்பைப் பார்த்தார். பகல் முழுக்கக் காற்றில்லை, படத்தில் புகை மலைக்கு மேலேயே நேராக நின்றது. ராத்திரி வடமேற்குக் காற்று வலுக்கும் என்று போட்டிருந்தான். தீ இருப்பது அவள் ஊருக்கு வடமேற்கில். இவள் தென்கிழக்கில். காற்று வடமேற்கு என்றால் புகை அந்தப் பக்கமாகப் போய்த் தொலையும், ஏரிக்கு இந்தப் பக்கம் வராது. அவ்வளவுதானே. அங்கேயே இருளா, எங்கேயும் போகாதே, கார் எடுத்துக்கிட்டுப் போனாதான் வழியில புகைக்குள்ள மாட்டிக்கிடுவே, வீட்டுலயே ஜம்முனு இரு, என்று சொல்லி அனுப்பினார். சரிப்பா என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளை சரிப்பா என்று அடங்கினதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, குளித்துவிட்டு வந்து நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மின்விசிறி கடகடவென்று ஒரு சுற்றுக்கு ஒருதரம் முனகியது. அடுப்படியில் வடிவு பாத்திரம் ஒதுக்குகிற சத்தம் கேட்டது, கூடவே ஏதோ மெட்டு. வடிவு என்கிற சண்முகவடிவு அவருடைய மாமன் மகள், பாவாடை கட்டின வயசிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்கு அப்புறமும் அதையே வைத்துக்கொண்டாள். பாட்டு என்ன வேண்டிக்கிடக்கு என்று நினைத்தார், பிறகு பாடட்டும் என்றும் நினைத்தார், தீ எவ்வளவு பெரிசு என்று தெரியாமல் இருக்கிறவரைக்கும் நல்லது, அவளுக்கு பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாக ஏறி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை. என்ன விஞ்ஞானி, புகை எங்க வந்திருக்கு, நம்ம கங்கைகொண்டான் வரைக்கும் வந்துட்டா, என்று தினமும் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். முதல் நாள் அவர் அடித்த கூத்துக்குக் கேலி பண்ணாமல் என்ன செய்வாள். ஏரிக்கு மேலே வெள்ளையாக மொத்தையாக எதுவோ கிடந்ததைப் பார்த்துவிட்டு, புகை சூழ்ந்துருச்சு, எந்திரிளா என்று விடியற்காலம் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிவிட்டார், அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, யப்பா இது பனிமூட்டம், என்றாள். அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டார். மேகத்துக்கு ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், நிழல் கீழே விழும். பனிமூட்டம் தண்ணீரும் பள்ளமும் இருக்கிற இடத்தில் படுத்துக்கிடக்கும், வெயில் ஏறினால் கரையும். புகைக்கு ஓரமே கிடையாது, ஒரு முனையில் கெட்டியாகப் பிறந்து மறுமுனையில் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விடும், நிறமும் பழுப்பு. இதை ஒரு வாரத்தில் தானாகவே பிடித்துக்கொண்டதை நினைத்தால் அவருக்கே அதிசயமாக இருந்தது. பிரிக்கிறது அவர் கைக்குப் பழகின வேலைதான். திருநெல்வேலி ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் ஆபீஸில் தலை நரைக்கும்வரை கடிதம் பிரித்தவர். மலை மாதிரிக் குவிந்து கிடக்கும், வண்டி வருவதற்குள் ஊர் ஊராகப் பிரித்துப் பையில் போட்டுக் கட்டி அரக்கு வைக்கணும். அனுப்பினவன் யார், எங்கிருந்து போட்டான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. போகிற ஊர்தான் கணக்கு, கண் நேராக அந்த வரிக்குத்தான் போகணும். மதுரைப் பை என்றால் மதுரைக்குப் போகிற பை. கொல்லம் பை என்றால் கொல்லத்துக்கு. வீட்டுக்கு வந்து படுத்தாலும் கைவிரல் துணியில் ஊர்களைப் பிரித்துக்கொண்டே இருக்கும், வடிவு பிடித்து நிறுத்துவாள். அந்த ரயில் பாதையை வைத்துத்தான் செண்பகத்துக்கு அவர் வைத்தியமும் பார்த்தார். டாக்டர் ஒருதரம், ஒரே மூச்சில் எவ்வளவு பேசுகிறது பிள்ளை என்று கவனியுங்கள் என்றார். எதைப் பேசச் சொல்வது? அவருக்குத் தெரிந்தது ஸ்டேஷன்தான். திருநெல்வேலி, தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி, கடம்பூர், குமாரபுரம், கோவில்பட்டி. ஒரு மூச்சில் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தால் பயமில்லை, தூங்கலாம். மணியாச்சியில் நின்றால் வெந்நீர் ஆவி பிடிக்கணும், தோளில் போட்டுக்கொண்டு மாடியில் நடக்கணும். தாழையூத்து தாண்டவில்லை என்றால் சட்டையை மாட்டு, ஆட்டோவைக் கூப்பிடு. அவ்வளவு துல்லியமாக எந்த மெஷினும் சொன்னதில்லை. ஒருநாள் ராத்திரி, இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ, கங்கைகொண்டானிலேயே நின்றுவிட்டு, ஆஸ்பத்திரி ஊசிக்குப் பயந்து, உதட்டை மட்டும் அசைத்துக் கோவில்பட்டிவரை சொன்ன மாதிரி காட்டியது பிள்ளை. சத்தம் வரவில்லை, உதடு மட்டும் போனது. அவர் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், உள்ளே யாரோ தூரத்தில் விசில் ஊதுகிற மாதிரி இருந்தது, பூனைக்குட்டி மாதிரி சூடாக இருந்தது. அப்பாவை ஏமாத்தறியா என்று திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டு ஓடினார். இன்றைக்கும் போனில் அவள் பேசும்போது என்ன பேசுகிறாள் என்பதைவிட அந்த விசில் இருக்கிறதா என்றுதான் அவர் காது தேடும்.

மாடிப்படியில் வடிவின் காலடி கேட்டது, துணி எடுக்கப் போனவள் ஒரு கத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள், தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது, முகத்தில் புழுதி. காத்தைப் பாத்தீங்களா அத்தான், என்றாள், மேலக்காத்து இன்னிக்கு ஆளைத் தூக்குது, உங்க வேட்டி கீழவீட்டு மாடியில போய் விழுந்து கிடக்கு, சாயங்காலமா போய் வாங்கிட்டு வாங்க. சரிளா, என்றார். அவள் துணியைக் கட்டிலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆவுடையப்பன் கண்ணை மூடினார். நல்ல வேட்டி அது, செண்பகம் போன தடவை வந்தபோது எடுத்துக் கொடுத்தது, கிழக்கே இருக்கிற அந்த வீட்டு மாடியில் முருங்கைக்கொப்பு நிறைய, கிழிந்திருக்காது, கிளிப்பு போடுளா என்று எத்தனை தடவை சொல்வது, மேலக்காத்து என்று தெரிகிறதில்லையா, மேலக்காத்து அடித்தால் வேட்டி நேராகக் கீழவீட்டுக்குத்தானே போகும், வேறு எங்கே போகும், மேற்கேயா போகும். கண்ணைத் திறந்தார். மின்விசிறி ஒருதரம் முனகியது. மேலக்காத்து. கீழவீடு. மேலக்காத்து மேற்கே போகவில்லை. மேற்கேயிருந்து வந்து கிழக்கே போகிறது, போகும்போது வேட்டியையும் கொண்டுபோகிறது. இதில் என்ன இருக்கிறது, இது தெரியாதா, வாடைக்காத்து என்றால் வடக்கேயிருந்து வருகிறது, ஐப்பசி பிறந்தால் வடக்கு ஜன்னலுக்குச் சாக்கு வைத்து ஆணி அடித்தது யார், அவரேதான், வருஷா வருஷம், செண்பகத்துக்கு ஆகாது என்று. வாடைக்காத்துக்குப் பயந்து தெற்கு ஜன்னலை அடைத்தவன் உலகத்தில் உண்டா. அப்படியானால் வடமேற்குக் காத்து. வடமேற்கேயிருந்து. அவர் அந்த நினைப்பை அங்கேயே பிடித்து நிறுத்தப் பார்த்தார். இது நம்ம ஊர் வழக்கம், இங்கிலீஷ்காரன் வேறு மாதிரி வைத்திருப்பான், அவன்தான் எல்லாவற்றையும் வேறு மாதிரி வைத்திருக்கிறானே, சாலையில்கூட அங்கே வலதுபக்கம் போகிறான்கள். செல்போனில் தேடினார். விரல் வழுக்கியது, தப்புத்தப்பாக விழுந்தது. எங்கிருந்து வீசுகிறதோ அந்தத் திசையின் பெயர்தான் காற்றுக்கு, உலகம் முழுக்க அப்படித்தான், என்று போட்டிருந்தது. அதைப் படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருதரம் படித்தார், ஒன்றும் தெரியவில்லை, போட்டுக்கொண்டு படித்தார், அதேதான். மதுரைப் பை மதுரைக்குப் போகும். வடமேற்குக் காத்து வடமேற்குக்குப் போகாது. ஆயுசு முழுக்கப் போகிற ஊரையே பார்த்த கண்ணு, காத்துக்கும் போகிற ஊர் என்று பார்த்துப் பையைக் கட்டி அரக்கும் வைத்துவிட்டது. மலையிலிருந்து புறப்பட்டு ஏரியைத் தாண்டி நேராக ஆல்டர்புரூக். இருளா, எங்கேயும் போகாதே. ஜம்முனு இரு. சரிப்பா.

போன் போட்டார், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டார். டூட்டி முடிந்து வந்தால் சத்தத்தை அமர்த்தி வைத்துவிட்டுத்தான் படுப்பாள், அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு மணிக்கும் இதோ எடுக்கப்போகிறாள் என்றே இருந்தது. செண்பகம், உடனே கிளம்பு, அப்பா தப்பாச் சொல்லிட்டேன் என்று செய்தி போட்டார், இரண்டு டிக் விழுந்தது, நீலமாக மாறவில்லை. கிளம்பு என்றும் போடலாமா, இந்த நேரத்தில் இருட்டில் புகைக்குள் காரோட்டச் சொல்லலாமா, அதையும் தப்பாகச் சொல்லிவிட்டால். அதை அழித்துவிட்டு, எந்திரிச்ச உடனே அப்பாவைக் கூப்பிடு என்று போட்டார். அதற்கும் நீலம் வரவில்லை. படத்தைத் திறந்தால் கறுப்பு, கறுப்புக்குள் சிவப்புப் புள்ளிகள், காலையில் ஒரு குங்குமச்சிமிழ் அளவுக்கு இருந்தது இப்போது ஒழுகினமாதிரி நீண்டிருந்தது. காற்று கிளம்பிவிட்டது. அந்தக் கறுப்புக்குள்ளே இப்போது அது இறங்கி வந்துகொண்டிருக்கிறது, தண்ணீர்மேலே சத்தமில்லாமல் வருகிறது, தெருவிளக்கைச் சுற்றுகிறது, வீட்டைத் தேடுகிறது, ஜன்னல் இடுக்கில் நுழைகிறது, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு. யாராவது இருந்தால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார்கள். மூச்சுத் திணறினால் எழும்பாதா, எழும்பும், மருந்துக் குழலை எடுக்கும், அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியாதா, ஆனால் போகமாட்டாள், அப்பா போகாதே என்று சொல்லிவிட்டார், அப்பாதானே புகை பார்க்கிறவர். வேறு எதிலாவது அவர் பேச்சைக் கேட்டிருக்கிறதா அந்தப் பிள்ளை? இங்கேயே நர்ஸிங் வேலை பாரு என்றார், கேட்கவில்லை. சங்கரன்கோவில் மாப்பிள்ளையைப் பாரு என்றார், கேட்கவில்லை. விமானத்தில் ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளாதே என்றார், கேட்காமல் கொண்டுபோய் அங்கே பறிகொடுத்தாள். போயும் போயும் இதைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று வடிவு கேட்டாள். அவருக்குத் தெரிந்தது, தெரியாது என்று சொன்னார், கோவில்பட்டி என்றுதான் சொன்னாள். இந்தத் தெருவில் அவளைக் கனடாக்காரி என்கிறார்கள். அங்கே அவளை இந்தியாக்காரி என்பார்கள், தமிழ் ஆட்கள் இருந்தால் திருநெல்வேலிக்காரி என்பார்கள். போன இடத்தில் வந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மனுஷருக்கும் அப்படித்தான், காத்துக்கும் அப்படித்தான், இது ஏன் காலையில் அவருக்குத் தோன்றவில்லை? வடிவு தட்டில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். பஜ்ஜி என்னத்துக்கு இன்னிக்கு என்றார். ஏன், பஜ்ஜிக்கு நாள் பாக்கணுமா, என்றாள், மழை வர்ற மாதிரி இருக்கு, செய்யணும்னு தோணிச்சு. அவள் முகம் தெளிவாக இருந்தது, நெற்றியில் புதுசாகத் திருநீறு. பாவம், ஒன்றும் தெரியாது. தெரிந்தால் இந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். அவர் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார், உள்ளே இறங்கவில்லை. உப்பு சரியா இருக்கா, என்றாள். இருக்கு, என்றார். என்ன, புகை எங்க வந்திருக்கு, என்றாள். ராத்திரியில தெரியாது, என்றார், குரல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மறுபடி போன் போட்டார். எத்தனாவது தடவை என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. விரல் வேட்டி மடிப்பில் எதையோ பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே மேலக்காத்து தென்னைமட்டையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார், பள்ளிக்கூட வேன் போயிற்று, கோவில் ஒலிபெருக்கி ஒருதரம் கரகரத்துவிட்டு அடங்கியது. பாளையங்கோட்டையில் பொழுது சாயச் சாயத்தான் அங்கே பொழுது விடியும், இத்தனை நாளும் அதை நினைத்து மனசு நிம்மதிப்படும், இங்கே நாம் படுக்கப்போகும்போது அங்கே அவள் எழுந்திருப்பாள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காவல். இன்றைக்கு இந்தச் சூரியனைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிடலாமா என்றிருந்தது. வடிவு விளக்கேற்றித் தீப்பெட்டியை வைக்கிற சத்தம் கேட்ட நேரத்தில் கறுப்புப் படத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கோடு வெளுத்தது. அடுத்த படத்துக்குப் பத்து நிமிஷம். அவர் கண்ணைச் சிமிட்டாமல் இருந்தார். அடுத்த படத்தில் வெளுப்பு இன்னும் மேற்கே நகர்ந்திருந்தது, மலைகளின் கிழக்குச் சரிவு மட்டும் தெரிந்தது. அதற்கடுத்ததில் ஏரி தெரியணும். ஏரி தெரியவில்லை. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. சாய்ந்த வெயிலில்தான் புகை நன்றாகத் தெரியும் என்று அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார், தெரிந்தது, ஓரமே இல்லாமல், மலையில் கெட்டியாகப் பிறந்து, தென்கிழக்கே இறங்கி, பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்து நின்றது. பனிமூட்டமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். இல்லை. அவருக்குப் பிரிக்கத் தெரியும். ஆல்டர்புரூக் என்று பெயர் எழுதின இடத்தில் எழுத்து மட்டும் இருந்தது, ஊர் இல்லை. வடிவு, என்று கூப்பிட்டார். கூப்பிட்டவிதத்தில் அவள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தாள்.

"நான் பிள்ளையைப் புகைக்குள்ள இருக்கச் சொல்லிட்டேன்ளா," என்றார். "காத்தைத் திருப்பிப் படிச்சுட்டேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது, வயசான ஆம்பளை அழுகை, மூக்கில்தான் முதலில் வந்தது. படத்தைக் காட்டினார், வேட்டியைச் சொன்னார், மேலக்காத்தைச் சொன்னார், மதுரைப் பையையும் சொன்னார், எதுவும் கோவையாக வரவில்லை. வடிவு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ அங்கன இல்ல அத்தான்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் எழுந்துபோய்த் தன் செல்போனை அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள், அவர் காலையில் குளிக்கப் போயிருந்த நேரத்தில் வந்த செய்தியைத் தேடிப் போட்டாள். செண்பகத்தின் குரல், பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம். யம்மா, அப்பா போகாதேன்னு சொல்லிட்டாவ, ஆனா காத்தைத் திருப்பிப் புடிச்சிருக்காவ, இந்த ராத்திரி புகை இங்கதான் வரும், நான் ஜின்சி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அப்பாட்ட இப்ப சொல்லாதே, ஒரு வாரமா கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காவ, சங்கடப்படுவாவ. அப்பாட்ட நான் சரின்னுதான் சொல்லியிருக்கேன். அதன்கீழே, அவர் வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்த இன்னொரு செய்தி, எழுத்தில்: வந்து சேந்துட்டேன், தூங்கப் போறேன். அதனால்தான் பாட்டு. அதனால்தான் திருநீறும் பஜ்ஜியும். ஆவுடையப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மையும் மகளும் சேர்ந்துகொண்டு ஒரு மனுஷனை மத்தியானத்திலிருந்து உயிரோடு வறுத்திருக்கிறார்கள். நீ ஏன் சொல்லல என்றார். நீங்க எல்லாம் சரியாப் போகுதுன்னு நிம்மதியா உக்காந்திருக்கீங்கன்னுல்லா நினைச்சேன் என்றாள் அவள், பயந்துக்கிட்டிருக்கேன்னு நீங்க ஏன் சொல்லல. உனக்கு பிரஷர் என்றார். உங்களுக்குச் சங்கடம்னு நாங்க, என்றாள். கோபம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. அவள் முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள், சின்னப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, அவரும் காட்டிக்கொண்டு இருந்தார். அப்போதுதான் அவர் போன் அடித்தது. செண்பகம். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீங்க, என்று வடிவு அவசரமாகக் கிசுகிசுத்தாள், பிள்ளை வருத்தப்படும்.

"என்னப்பா இத்தனை மிஸ்டு கால்," என்றாள் செண்பகம், தூக்கக் குரலில். நேற்றிரவு படுத்தவள் இப்போதுதான் போனைப் பார்க்கிறாள், செய்திகளைக்கூடத் திறக்கவில்லை.

"சும்மாதான்," என்றார். "எங்கன இருக்கே?"

"வீட்டுலதான்பா," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், சாயா எடுக்கட்டே என்று மலையாளத்தில் கேட்டது. யாரோ ஓடிப்போய் அந்தக் குரலின் வாயைப் பொத்தின மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் வடிவைப் பார்த்தார், வடிவு கூரையைப் பார்த்தாள். அப்பாவை ஏமாத்தறியா என்று நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு பிரியமாக யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"சரி. எங்கன இருக்கியோ அங்கனயே ரெண்டு நாள் இரு," என்றார். "என்னளா. வேற எங்கயும் போகாண்டாம். அங்கனயே இரு."

"சரிப்பா," என்றாள், மெதுவாக. காலையில் வந்த சரிப்பா இல்லை இது, அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். மூச்சு கேட்கிறது. போகிறது, வருகிறது. ஆனால் போனில் வருகிற மூச்சை நம்புவதா, தூங்கி எழுந்த மூச்சு வேறு, ராத்திரி கிளம்புவதற்கு முன்னால் எவ்வளவு புகையைக் குடித்ததோ. மனசு மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"ஒரு மூச்சுல சொல்லு பாப்போம்," என்றார்.

"யப்பா, எனக்கு முப்பது வயசாகப் போகுது."

"சொல்லுளா."

அவள் மூச்சை இழுத்து நிறைத்துக்கொள்வது கேட்டது. வடிவும் காதைக் கொண்டுவந்து போனின் மறுபக்கம் வைத்துக்கொண்டாள், அவள் தலையில் பஜ்ஜி எண்ணெய் வாசனை. திருநெல்வேலி என்று கிளம்பியது. தாழையூத்து தாண்டியது. கங்கைகொண்டான், நாரைக்கிணறு, எங்கேயும் சிக்கவில்லை, மணியாச்சியில் நிற்கவில்லை, கடம்பூர், குமாரபுரம், கோவில்பட்டியில் அவர் மூச்சு விட்டார், ஆனால் அவள் விடவில்லை, நல்லி, சாத்தூர், அவர் சொல்லிக்கொடுக்காத ஸ்டேஷனுக்கெல்லாம் அவள் போய்க்கொண்டிருந்தாள், குரல் தேய்ந்து சிரிப்பாக மாறுகிற இடம்வரைக்கும், அந்தச் சிரிப்புக்கு அடியில் விசிலே இல்லை, அவர் தேடித் தேடிக் கேட்டார், இல்லவே இல்லை.

"போதும்ளா," என்றார் ஆவுடையப்பன். "இறங்கிக்கோ."